வளவுக்கு எந்த லைற் வாங்குவது?

கமக்கார வீட்டில் இரவிலும் வேலை ஓய்வதில்லை. பசு கன்று போடும். கோழிக்கூட்டை மரநாய் சுற்றும். கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியில் புடையன் கிடக்கும். இடம்பெயர்ந்து வந்து, பற்றைக்காட்டை வெட்டிக் கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்த அச்சம் இன்னும் அதிகம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வளவுக்கு ஒரு பெரிய லைற் வாங்கவே பலர் விரும்புகின்றனர். கடைகளிலும் 200 வாற், 300 வாற் என்று எழுதிய சோலார் லைற்றுகள் கிடைக்கின்றன. அந்தப் பணத்தைக் கொடுக்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது அவசியம்.

வாற்றும் லூமெனும்

வாற் என்பது விளக்கு எடுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தை அளப்பது லூமென். முன்னர் நாம் பாவித்த 60 வாற் குண்டுக்குமிழ் ஏறக்குறைய 700 லூமென் தந்தது. அதே வெளிச்சத்தை இன்று 7 அல்லது 8 வாற் எல்.ஈ.டி. குமிழ் தருகிறது. நல்ல எல்.ஈ.டி. விளக்கில் ஒரு வாற்றுக்கு 100 லூமென் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே பெட்டியில் எத்தனை லூமென் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

பனலை அளந்து பாருங்கள்

சோலார் லைற்றின் உண்மையான பலம் பெட்டியில் எழுதிய இலக்கத்தில் இல்லை, பனலின் பரப்பில் இருக்கிறது. ஓரடிக்கு ஓரடி பனல் உச்சி வெயிலிலும் ஏறக்குறைய 20 வாற்றுக்கு மேல் தராது. நல்ல நாளில் முழு வெயிலுக்குச் சமனாக 4 மணித்தியாலம் கிடைத்தால் 80 வாற்-மணி சேரும். பற்றறியிலும் வயரிலும் இழப்பது போக 60 அளவில் மிஞ்சும். இதை இரவில் 10 மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் 6 வாற். அதாவது 600 லூமென். பழைய குண்டுக்குமிழ் ஒன்றின் வெளிச்சத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பெட்டியில் 300 வாற் என்று எழுதியிருந்தாலும் கணக்கு இதுதான்.

மாரி காலத்தில், வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும்போது, இதுவும் குறையும். ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் கூடி எரியும் லைற்றை வாங்கினால் பற்றறி விடியும்வரை தாங்கும். பனலை மர நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றே சரித்துப் பூட்டுங்கள்.

எவ்வளவு, எங்கே?

கொட்டில் வாசலுக்கும் மலசலகூட வழிக்கும் 500 முதல் 800 லூமென் போதும். மாட்டுப்பட்டிக்கும் நெல் காயவிடும் முற்றத்துக்கும் 2000 முதல் 3000 லூமென் வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஆகையால் வளவின் நடுவில் ஒரு பெரிய லைற்றைக் கட்டுவதிலும், வேலை நடக்கும் இரண்டு இடங்களில் இரண்டு சிறிய லைற் கட்டுவது பயன் தரும்.

லைற்றை 12 முதல் 15 அடி உயரத்தில், நிலம் பார்க்கக் குனித்துக் கட்டுங்கள். நேராக வெளியே பார்க்கக் கட்டினால் கண் கூசும். வேலிக்கு அப்பால் நிற்பது யானையோ ஆளோ என்று தெரியாது. வெளிச்சம் யானையைத் தடுக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். பழகிய யானை லைற்றுக்கு அஞ்சாது.

நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும். பூச்சிக்குத் தவளையும் தவளைக்குப் பாம்பும் வரும். 3000 கெல்வின் என்று குறித்த மஞ்சள் வெளிச்சம் நல்லது. வாசலுக்கு நேர் மேலே கட்டாமல் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். வயலுக்குள் இரவு முழுவதும் வெளிச்சம் விழவிடாதீர்கள்; பழைய நெல்லினங்கள் சில இதனால் கதிர் தள்ளப் பிந்தும்.

பாதுகாப்பு

வெளியில் கட்டும் விளக்கில் ஐ.பி. 65 என்ற குறி இருக்க வேண்டும். தூசியும் மழையும் உட்புகா என்பது அதன் பொருள். வீட்டு மின்சாரத்தில் பூட்டுவதாயின் அது 230 வோல்ற். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் பூட்டக் கூடாது. வயரைக் கம்பி வேலியில் கட்டித் தொங்கவிட வேண்டாம். பன்றிக்கும் யானைக்கும் என்று வேலிக் கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது சட்டவிரோதம். அதில் மாண்டவர்களுள் வேலி கட்டியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உண்டு.

சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருப்போர் கழற்றிக் கொண்டுபோகக் கூடியதாகவே எதையும் பூட்ட வேண்டும். லைற்றை நட்டும் போல்ற்றும் போட்டுப் பூட்டுங்கள். பற்றறி பழுதானால் தனியாக மாற்றலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மாற்ற முடியாததாயின் பற்றறி போகும் நாளில் முழு லைற்றும் குப்பைதான். பில்லையும் உத்தரவாதக் கடதாசியையும் பத்திரப்படுத்துங்கள்.

வாங்குமுன் ஓர் இரவு குடும்பமாக ரோச் லைற்றுடன் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். விடியப்புறம் தண்ணீர் அள்ளப் போகும் தாயிடமும், இரவில் வெளியே போகப் பயப்படும் பிள்ளையிடமும் எந்த இடத்தில் இருட்டு இடைஞ்சல் என்று கேளுங்கள். முதல் லைற்றை அந்த இடத்திலேயே கட்டுங்கள்.