பாவித்த கார் வாங்கியவர்கள் கவனத்திற்கு

ஸ்காபரோவில் எங்கள் சரிவான வாசலில் காரைப் 'பி'யில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்கினோம். கார் தானாகப் பின்னுக்கு உருண்டது. மகள் அருந்தப்பில் தப்பினாள்.

கியர்த் தடியைக் கியர்ப்பெட்டியோடு இணைக்கும் கேபிளில் சின்னப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று உடைந்திருந்ததாம். தடி 'பி'யில் நிற்கும், பெட்டி வேறு கியரில் நிற்கும். இதற்காகக் கம்பனி அந்தக் கார்களை ஏற்கெனவே 'றீகோல்' செய்து, இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்திருந்தது. கடிதம் முதல் சொந்தக்காரரின் விலாசத்துக்குப் போயிருக்கிறது. விற்றவர் வாய் திறக்கவில்லை. தெரிந்த கராஜில் காசு கேட்டார்கள்; டீலர் ஒரு சதமும் வாங்கவில்லை.

முன்கண்ணாடியின் கீழே, சாரதிப் பக்கம், எழுத்தும் இலக்கமுமாக 17 கொண்ட 'வின்' நம்பர் தெரியும். அதைச் சொல்லி டீலரிடம் விசாரியுங்கள். இங்கிலீஷ் தடக்கினால் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், வெட்கமில்லை. அதுவரை ஹான்ட் பிறேக் போடாமல் இறங்காதீர்கள்.