கொல்லைப்புறம் இல்லாத ஊரில் மீன் ஆய்வது எப்படி?

புது டில்லி கிட்வாய் நகரில் வசிக்கும் நம்மவர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. கூப்பிடு தூரத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட். ரோகு, கட்லா முதலிய ஆற்று மீன்களோடு, கடல் மீனும் பனிக்கட்டியில் பயணம் செய்து அங்கே வந்து சேருகிறது. மத்திய உணவு மந்திரியாக இருக்கும்போதே 1954-ல் காலமான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கும் காலனிக்குப் பொருத்தமான அயல்தான்! பஞ்சமெல்லாம் மீனை ஆய்வதற்கான இடத்துக்கே.

ஊரில் கொல்லைப்புறம் உண்டு. உரசச் சொரசொரப்பான மண்சட்டி, கைக்குச் சாம்பல், நறுக்க அரிவாள்மனை, குடலுக்குக் காத்திருக்கும் பூனை. இங்கே ஒரு சமையல் மேடை, ஒரு தொட்டி, அவ்வளவுதான். செதில் பறந்து சுவரெல்லாம் ஒட்டுகிறது. தண்ணீர்க் குழாய் அடைக்கிறது. மாடியில் இருக்கும் சைவக் குடும்பம் முகம் சுளிக்கிறது. கடைசியில், "இந்த வீட்டில் இனி மீனே வேண்டாம்" என்று இல்லத்தரசி தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மீன் குழம்பு லீவில் ஊருக்குப் போகும்போது மட்டும் கிடைக்கும் பண்டமாகிவிடுகிறது.

கடைக்காரரே வெட்டித் தருவாரே என்று கேட்கலாம். தருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் கை அவசரக் கை. செவுளின் மிச்சமும், முதுகெலும்பை ஒட்டிய ரத்தமும் தங்கிவிடும். மீனைக் கெடுக்கும் கிருமிகள் குடியிருப்பதோ செவுளிலும் குடலிலும் மேல் வழவழப்பிலும்தான். ஆகவே வீட்டில் மறுபடி ஆய்ந்தே தீரவேண்டும். அதற்கான கருவிகளை நாமே செய்துகொள்ளலாம்.

செதில் சீவி

ஓர் அடி நீளமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள மரத்துண்டு ஒன்று. அதன் ஒரு முனையில் இரண்டு சோடா மூடிகளை, பல் உள்ள பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, அரை அங்குலத் திருகாணியால் முடுக்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தக்கையை முதலில் எடுத்துவிட வேண்டும். பாட்டிலைக் கவ்வுவதற்காக 1892-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த மூடியின் பற்கள், செதிலையும் நன்றாகவே கவ்வும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். துருப் பிடித்தால் மூடியை மாற்றிவிடலாம்.

வால் பிடிக்கும் பலகை

வழுக்கும் மீனைக் கையால் அழுத்திப் பிடிப்பதில்தான் விரல் வெட்டுப்படுகிறது. பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டையிலுள்ள கிளிப்பைக் கழற்றி, ஒன்றரை அடி மரப்பலகையின் ஓரத்தில் பொருத்துங்கள். அட்டையையே உபயோகித்தால் தண்ணீரில் ஊறிப்போகும். மீனின் வாலைக் கிளிப்பில் மாட்டி, வாலிலிருந்து தலையை நோக்கிச் சீவவேண்டும். பலகையை அகலமான டப்பில், மீன் நனையும் அளவு தண்ணீரில் வைத்துச் சீவினால் ஒரு செதிலும் பறக்காது.

வடிகட்டும் டின்

பழைய பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்டு, டப்புத் தண்ணீரை அதன் வழியாகவே ஊற்றுங்கள். செதில் டின்னில் தங்கும், குழாய் அடைக்காது. அதைப் படித்து முடித்த நாளிதழில் சுருட்டி அன்றே குப்பையில் சேர்த்துவிட வேண்டும். வடிந்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு நல்ல உரம்.

குடலை எடுக்க, வயிற்றைக் கத்தரிக்கோலால் மேலோட்டமாகத் திறந்தால் போதும். ஆழமாக வெட்டிப் பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் கசப்பு ஏறும். உடைந்தால் உடனே கழுவி, கறை பட்ட சதையை நீக்கிவிடுங்கள். முதுகெலும்பை ஒட்டிய ரத்தத்துக்குப் பழைய ஸ்பூனும் பல் தேய்க்கும் பிரஷும் போதும். வழவழப்புக்குக் கல்லுப்பும், மண்சட்டிக்குப் பதிலாகக் காய்ந்த பீர்க்கங்கூடும் உதவும். வாடைக்குப் புளித்தண்ணீர் இருக்கவே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் டில்லி வெயிலில் கிடந்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இது அழியாது. ஆகவே மீன் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் ஆய்ந்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

மீனை வாங்கிவந்து கொடுத்ததும் தம் கடமை தீர்ந்தது என்று பத்திரிகையை விரிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையும் சீவியும் செய்ய ஒரு ஞாயிறு காலை போதும். செய்தவர் கையாலேயே செதிலும் சீவப்பட்டால், வீட்டில் அந்தத் தீர்ப்பு மாறக்கூடும்.