ஒரு நாள் அதியமான்

வாழ்நாளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது, அதனைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. இண்டூரில் ஏர் பிடிப்போரும் தறியில் அமர்வோரும் அம்மன்னன் உலவிய மண்ணிலேயே வாழ்கின்றனர். ஆயுளை நீட்டும் கனி இன்று எவர் கையிலும் இல்லை. ஆயினும், கடும்பிணியுற்ற ஒரு குழந்தைக்கு ஒரு நாளையேனும் நிறைவுள்ள நாளாக ஆக்கித் தரும் வழி உண்டு. அவ்வழியை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

பீனிக்ஸ் நகரின் சிறு காவலர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில், இரத்தப் புற்றுநோயால் வாடிய 7 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். காவல் அதிகாரி ஆக வேண்டும் என்பதே அவனது ஆசை. 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் மாநிலக் காவல்துறையினர் அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றனர். கௌரவ அதிகாரியாகப் பதவிப் பிரமாணமும் செய்து வைத்தனர். அவன் உடலுக்கேற்ற சீருடை வேண்டுமே! தையற்கடை உரிமையாளர் ஒருவரும் இரு தையற்காரப் பெண்மணிகளும் இரவெல்லாம் கண்விழித்து அச்சிறு சீருடையைத் தைத்து முடித்தனர். சில நாட்களுக்குள் சிறுவன் மறைந்தான். அவனது ஆசையை நிறைவேற்றியவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. அவர்கள் தொடங்கிய சிறு முயற்சியே இன்று 'மேக் ஏ விஷ்' என்னும் பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது.

அந்தச் சீருடைக்குத் தேவைப்பட்டவை சில முழத் துணியும், ஊசி நூலும், ஓர் இரவின் உழைப்புமே ஆகும். நெசவாளர்களாகிய நமக்கு இச்செய்தி அயலானதன்று.

நம் நாட்டில்

இந்தியாவில் இவ்வமைப்பு 1996-ஆம் ஆண்டு மும்பையில் தோன்றியது. 3 முதல் 18 வயது வரையுள்ள, உயிருக்கு ஊறு செய்யும் நோயுற்ற குழந்தைகளைத் தொண்டர்கள் சந்தித்து, அவர்களது உள்ளத்து விருப்பத்தைக் கேட்டறிந்து நிறைவேற்றுகின்றனர். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஐதராபாத்தில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு நாள் காவல் ஆணையராக அமர்ந்தான். உண்மையான ஆணையர் அவனுக்குத் தம் ஆசனத்தைத் தந்து அருகில் நின்றார். 2019-ஆம் ஆண்டு பெங்களூரிலும் ஐந்து குழந்தைகளுக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டியது.

இவ்வுதவி மரணத்தை எதிர்நோக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. விருப்பம் நிறைவேறப் பெற்ற குழந்தைகளுள் பலர் நோய் நீங்கி வளர்ந்து வாழ்கின்றனர். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயுள் பெரும்பான்மையான வகை, முறையான சிகிச்சையால் குணமாகக் கூடியதே. ஆனால் அச்சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இடையில் குழந்தையும் சோர்கிறது; பெற்றோரும் சோர்கின்றனர். பாதியிலேயே நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. மருந்தைத் தொடர்ந்து ஏற்கும் மனவலிமையை வளர்ப்பதே விருப்ப நிறைவின் தலையாய பயன்.

2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், விருப்பம் நிறைவேறிய 496 குழந்தைகளையும், அவர்களை ஒத்த நோயுடைய வேறு 496 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். முன்னவர் திடீரென மருத்துவமனையில் சேர நேர்ந்தது குறைவாக இருந்தது. விருப்ப நிறைவே இதற்குக் காரணம் என்று இவ்வொன்றைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. எனினும், மகிழ்ச்சி வீண்செலவு என்பாருக்கு இது தக்க விடையாகும்.

இண்டூரில் ஒரு குழந்தை விரும்பினால்

எல்லாக் குழந்தைகளும் விமானமும் கடற்கரையும் கேட்பதில்லை. சிலர் பழங்காலத்திற்கே சென்றுவர விரும்புவர். வாள் ஏந்தவும், தூது செல்லவும், கோட்டை காக்கவும் ஆசைப்படுவர். இண்டூர்க் குழந்தை ஒன்று அவ்வாறு கேட்குமாயின், நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மன்னன் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை தருமபுரியை அடுத்து இருக்கிறது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்களைக் காணலாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் வீரர்களின் நடுகற்கள் உள்ளன. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கல்வெட்டு, நெடுமான் அஞ்சியின் பெயரையே தமிழ் எழுத்தில் தாங்கி நிற்கிறது. இவன் கதையில் வருபவன் மட்டும் அல்லன் என்பதற்கு அக்கல்லே சான்று.

விளையாட்டிற்கு வேண்டிய கதையும் புறநானூற்றில் உண்டு. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அங்கே நெய் பூசி அழகாக அடுக்கிய படைக்கலங்களைக் கண்டு, தம் மன்னனின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று நயமாக இடித்துரைத்தார். இத்தூதைக் குழந்தை நடிக்கலாம். நெசவாளர் ஒருவர் சிறு பட்டாடை நெய்து தரலாம். விவசாயி ஒருவர் வண்டியும் மாடும் தரலாம். கொல்லர் மழுங்கிய வேல் ஒன்றை வடிக்கலாம். ஆசிரியர் கதையை எடுத்துரைக்கலாம். அதியமானின் முன்னோரே கரும்பை இம்மண்ணுக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடியிருக்கின்றார். ஆதலின் கரும்புத் தோட்டமும் அரசவை ஆகலாம்.

இறுதியில் நெல்லிக்கனி வரும். அதனைக் குழந்தைக்கு ஊட்டி, இனி நோய் தீரும் என்று எவரும் சொல்லலாகாது. அது பொய்யான உறுதி. அதியமான் கனியைப் பெற்றதால் புகழடையவில்லை, கொடுத்ததால் புகழடைந்தான். ஆகவே கனியைக் குழந்தையின் கையில் கொடுத்து, அது விரும்பியவருக்கு ஈயச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் மருந்தையும் ஊசியையும் பிறர் இரக்கத்தையும் பெற்றுக்கொண்டே இருக்கும் குழந்தை, அன்று ஒரு நாள் கொடுப்பவனாக, கொடுப்பவளாக நிமிர்ந்து நிற்கும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, விருப்பம் குழந்தையினுடையதாக இருத்தல் வேண்டும். பெற்றோர், ஆசிரியர், சங்கத் தலைவர் ஆகியோரின் விருப்பத்தைக் குழந்தையின் வாயில் திணிக்கலாகாது. வரலாற்றை வேண்டாது மிதிவண்டி ஒன்றையே குழந்தை கேட்டால், மிதிவண்டியே சரியானது.

இரண்டாவது, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் அனுமதி இன்றியமையாதது. புற்றுநோய் மருந்து உட்கொள்ளும் குழந்தைக்கு நோய் எதிர்க்கும் ஆற்றல் குறைவு. பெருங்கூட்டமும் புழுதியும் நீண்ட பயணமும் தீங்கு தரலாம். ஊர்வலத்தினும் பத்துப்பேர் கூடிய சிறு அவையே மேல்.

மூன்றாவது, பெற்றோர் இசையாமல் படம் எடுத்துப் பரப்பலாகாது. மேடையும் மாலையும் வரவேற்புரையும் பெரியோர்க்குரியவை.

நான்காவது, சிகிச்சைக்குரிய பணத்தை இதற்கென ஒரு காசும் எடுக்கலாகாது. சங்கங்கள் பொதுநிதியைத் தொடுவதினும், அங்கத்தினர் தாமே முன்வந்து பொருளும் உழைப்பும் தருதலே முறை. 1995-ஆம் ஆண்டு பன்னாட்டுக் கூட்டுறவு அமைப்பு மான்செஸ்டர் நகரில் கூடி, சமுதாய நலனில் அக்கறை கொள்ளுதலைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக ஏற்றது. அக்கொள்கைக்கு இதனினும் எளிய செயல்வடிவம் அரிது.

மழலை பொருளற்றதாயினும் தந்தையர்க்கு இன்பம் தருவது போலத் தம் சொற்களை அதியமான் ஏற்றுக்கொண்டான் என்று ஔவையார் நன்றியுடன் பாடினார். குழந்தையின் சொல்லைச் செவிமடுக்கும் பண்பு இந்நாட்டு மன்னனிடமே இருந்தது. அடுத்த தெருவில் ஒரு குழந்தை நோயுற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால், பழத்தை வாங்கிச் சென்று பார்த்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். இனி அத்துடன் ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோமாக: 'உனக்கு என்ன வேண்டும், கண்ணே?' கேட்டபின், பொறுமையாக உட்கார்ந்து பதிலையும் கேட்போமாக.