லேப்டாப் சார்ஜ் ஏறவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்!



சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 2018-இல் அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா சீட்டுப் பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதில் சார்ஜ் ஏறவில்லை. மறுநாள் காலை அக்காவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ!

"நம்ம வீட்டு இன்ஜினியர் நீதானேடா, என்னன்னு பாரு" என்றாள் அக்கா. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்ற பெருமையில் நானும் உட்கார்ந்தேன். நான் ஒவ்வொன்றாகப் பார்த்த வரிசையைக் கீழே தருகிறேன். எதற்கும் ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை.

1. பிளக் பாயிண்ட்

முதலில் கை ஈரமாக இருக்கக் கூடாது. அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஆனால் பாயிண்ட் நன்றாக இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாமல் நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டுங்கள். பாயிண்ட் கருகியிருந்தாலோ, பொறி பறந்தாலோ, சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

2. அடாப்டர்

சுவரிலிருந்து வரும் வயர் அடாப்டரில் சேரும் இடம் பாதி கழன்றிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு அதை அழுத்திச் சொருகுங்கள். பலர் வீட்டில் கோளாறு இத்தோடு தீர்ந்துவிடும். அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட முடியாத அளவு சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, வயர் உரிந்திருந்தாலோ அதை மாற்றியே ஆக வேண்டும். டேப் சுற்றி ஓட்டக் கூடாது.

அடாப்டரை உடைத்துத் திறக்கவே கூடாது. ஏன் தெரியுமா? வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஏ.சி. அடாப்டர் அதை முதலில் டி.சி.யாக மாற்றும்போது உள்ளே உள்ள கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது. சில அடாப்டர்களின் குட்டி விளக்கு, பிளக்கைப் பிடுங்கியதும் சட்டென்று அணையாமல் மெதுவாக மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம்தான் அது.

3. பொருத்தமான சார்ஜரா?

பக்கத்து வீட்டுச் சார்ஜர் துளையில் நுழைகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது. அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். எங்களுடையதில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். (இயற்பியல் சார் நடத்திய பாடம் வீட்டில் உதவிய முதல் நாள் அதுதான்!) இம்மாதிரி உருண்டைப் பின் சார்ஜரில் வோல்ட்டும், பிளஸ் மைனஸ் குறியும் மடிக்கணினியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

புதிய மடிக்கணினிகளில் இருக்கும் டைப்-சி சார்ஜர் வேறு மாதிரி. அது கருவியோடு 'பேசி' 5 வோல்ட், 20 வோல்ட் என்று தேவையானதைத் தரும். ஆனால் 65 வாட் கேட்கும் மடிக்கணினிக்கு 18 வாட் செல்போன் சார்ஜர் போட்டால், யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான்.

4. சார்ஜர் நுழையும் துளை

மடிக்கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் காய்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடலாம். ஊக்கு, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதீர்கள். ஆட்டிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஓட்டாதீர்கள். லூஸ் கனெக்‌ஷன் சூடாகும். அது கடைக்காரர் வேலை.

5. கணினியே நிறுத்தி வைத்திருக்கிறதா?

சில மடிக்கணினிகளில் பேட்டரியின் ஆயுளுக்காக 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. 80-இல் நின்றால் அது கோளாறு அல்ல. அதிகச் சூட்டிலும் சார்ஜ் நின்றுவிடும். மெத்தை மேல் வைத்து ஓட்டியிருந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். கடைசியாக, கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திவிட்டு மறுபடி மாட்டிப் பார்க்கலாம். சில சமயம் இது பலிக்கும்.

எனக்கு ஒன்றும் பலிக்கவில்லை. மணி பத்தரை. அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அம்மா கேட்டார், "ஏண்டா, லேப்டாப் ஏன் இப்படி ஆடுது?"

சிமெண்ட் தரையில் வைத்த மடிக்கணினி உடைந்த பலகை மாதிரி ஆடியது. அடிப்பக்கம் உப்பியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் ஒரு மாதமாகவே அதன் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல், சமமாகட்டும் என்று ராத்திரி முழுக்க அதன் மேல் தமிழ் அகராதியையும் நான்கு புத்தகங்களையும் அடுக்கி வைத்திருந்தேன்!

உப்பியது பேட்டரி. மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் இரு மின்முனைகளுக்கும் நடுவே மெல்லிய தடுப்புத்தாள் இருக்கும். தீப்பிடிக்கக்கூடிய ஒரு திரவமும் இருக்கும். பேட்டரி பழசாகும்போதோ அதிகம் சூடாகும்போதோ அந்தத் திரவம் சிதைந்து வாயு உண்டாகலாம். உறை மூடியிருப்பதால் வாயு வெளியே போக வழியில்லை, அதனால் உப்புகிறது. அதை அழுத்தினாலோ குத்தினாலோ தடுப்புத்தாள் கிழிந்து உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம். நான் அடுக்கியது புத்தகமா, கொள்ளிக்கட்டையா என்று நீங்களே சொல்லுங்கள்.

உடனே சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்தோம். திரைச்சீலை, துணி எதுவும் இல்லாத வெளித்திண்ணையில், வெறும் சிமெண்ட் மேல் வைத்தோம். அப்பாவிடம் புத்தக விஷயத்தையும் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். "இப்பவாவது சொன்னியே" என்றார். எதிர்வீட்டு அக்கா தன் மடிக்கணினியைக் கொடுத்ததால் இன்டர்வியூ நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

காலையில் சர்வீஸ் கடை அண்ணன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்தான் சார்ஜை நிறுத்தி வச்சிருக்கு. சார்ஜ் ஏறலைன்னு வருத்தப்பட்டியா? ஏறியிருந்தாதான் நாம வருத்தப்பட்டிருக்கணும்" என்றார். நான் கோளாறு என்று நினைத்தது உண்மையில் எங்களுக்கு வந்த எச்சரிக்கை!

பழைய பேட்டரியை மறுசுழற்சிக்கு அனுப்ப அவரே வாங்கிக்கொண்டார். பேட்டரியைக் குப்பையோடு போடக் கூடாது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன.

ஆகவே நண்பர்களே, நான் கடைசியில் பார்த்ததை நீங்கள் முதலில் பாருங்கள்:

★ சமதரையில் வைத்தால் ஆடுகிறதா?
★ டச்பேட், கீபோர்டு, அடிமூடி உப்பியிருக்கிறதா?
★ இனிப்பு கலந்த மருந்து வாடையோ கருகிய வாடையோ வருகிறதா?
★ பயன்படுத்தாதபோதும் சுடுகிறதா?

ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மேலே சொன்ன ஐந்தும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், அணையுங்கள், அழுத்தாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். புகை வந்தால் கிட்டே போகாமல் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மறைக்காத தவறும் வளராது என்பது நான் கற்றது.



— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்