நாற்காலியைப் போடுங்கள், பாட்டியைக் கூப்பிடுங்கள்

"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க" என்று ஊரிலிருந்து போன் வந்தால், நாம் கேட்கும் அடுத்த கேள்வி "எலும்பு உடைஞ்சிருக்கா?" என்பதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். நாம் ஈரத் தரையைத் திட்டுவதோடு சரி. அதே ஈரத்தில் பேரன் சறுக்கிச் சமாளித்துவிடுகிறான், பாட்டியால் முடியவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் காலின் வலுவில் இருக்கிறது.

அன்பு செய்யும் கெடுதல்

ஒருமுறை விழுந்தவரை வீட்டில் என்ன செய்கிறோம்? "நீங்க எழுந்திருக்காதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்." தண்ணீர்ச் சொம்பு கட்டிலுக்கே வந்துவிடும். முதலில் மாடிப்படி நிற்கும், பிறகு கோயில், பிறகு வாசல். அம்மாவுக்கும் உள்ளூரப் பயம்தான், மறுபடி விழுந்துவிட்டால்? நடக்காத கால் சூம்பும். சூம்பிய கால் தடுமாறும். அடுத்த விபத்துக்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம்.

கோச்சியில் செய்தது

இது கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானின் சிகோகு தீவிலுள்ள கோச்சி நகரம். 2002-இல் அந்த நகராட்சி முதியவர்களுக்காக ஒரு பயிற்சியை வடிவமைத்தது. பெயர் 'இகி இகி ஹியாகுசாய் தைசோ', ஏறக்குறைய 'துடிப்பான நூறு வயது உடற்பயிற்சி'. சாமான்கள் இரண்டுதான். ஒன்று நாற்காலி. மற்றொன்று கை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிக்கொள்ளும் பட்டை. பட்டையில் சிறு சிறு பைகள் தைத்திருக்கும். அவற்றில் எடைக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகலாம். எடையே இல்லாமல் தொடங்கி, பழகப் பழகக் கூட்டி, இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும்வரை போகலாம். அவசரமே கிடையாது. மெதுவாக எண்ணிக்கொண்டே காலை நீட்டுவார்கள், எண்ணிக்கொண்டே இறக்குவார்கள், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் ஏற்பாடு. இடத்தையும் நாற்காலியையும் தெருக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நகராட்சி ஆட்கள் ஆரம்பத்தில் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அதன்பின் வீடியோவைப் போட்டு வகுப்பை நடத்துவது அந்தப் பகுதி மக்கள்தான். ஒரு வாரம் வராதவரைப் பற்றிப் பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். எந்த மருத்துவமனையும் இதைச் செய்யாது. பயிற்சி இப்போது ஜப்பானின் பல ஊர்களுக்கும் பரவிவிட்டது.

பலன் உண்டா?

உண்டு. 2019-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 ஆய்வுகளை அலசியது. வீட்டில் வசிக்கும் முதியவர்கள் உடற்பயிற்சி செய்தால் விழும் எண்ணிக்கை ஏறத்தாழ 23 சதவீதம் குறைகிறது என்று கண்டது. சமநிலைக்கான பயிற்சிகளுக்குத்தான் அதில் முக்கிய இடம். வெறும் நடைப்பயிற்சியே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் இருக்கும் ஆண் 12-க்குக் கீழும், பெண் 10-க்குக் கீழும் எண்ணினால் விழும் ஆபத்து அதிகம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். அருகில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையும் பி.பி. மாத்திரையும்கூடச் சிலரைத் தள்ளாட வைக்கும். அதையும் அவரிடமே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நம் தெருவில்

கோயில் மண்டபமோ குடியிருப்போர் சங்கக் கட்டடமோ இல்லாத பகுதி குறைவு. நாற்காலிகளும் கிடைக்கும். ஒரு பிசியோதெரபிஸ்டை இரண்டு மூன்று முறை அழைத்துக் கற்றுக்கொண்டால், பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியரோ மகளிர் குழு அக்காவோ நடத்தலாம். முதல் நாள் நான்கு பேர் வந்தால் போதும். போன வருடம் விழுந்ததிலிருந்து வாசலுக்கே வராத அந்த ஐந்தாவது ஆளை மட்டும் வாட்ஸ்அப்பில் அழைக்காதீர்கள். நேரில் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள்.