சின்னமலை கடைசியாக ஏறிய மலை

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் சங்கரிதுர்க்கம் என்ற நிலையத்தைக் கடந்திருப்பார்கள். பெயரில் உள்ள துர்க்கம், சமவெளியில் தனித்து நிற்கும் பாறை மலை மேல் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்குச் சங்கரி, ஏட்டில் சங்ககிரி.

விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்கு வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் சேலம் சீமையோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது.

கீழே நின்று பார்த்தால் ஒரே மதில்தான் என்று தோன்றும். முதல் வாயிலைத் தாண்டிப் படியேறினால் அடுத்த மதில், அதற்கும் மேலே இன்னொரு வாயில். ஒன்றைப் பிடித்த படை மூச்சு வாங்கும்போது, அடுத்ததில் நிற்பவன் தலைக்கு மேலே இருப்பான். மலை செங்குத்தாக இறங்கும் பக்கத்தில் பாறையே காவல். உச்சியில் தானியக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, பெருமாள் கோயில், மழைநீர் தேங்கும் சுனைகள். நெல்லும் நீரும் இருக்கும்வரை முற்றுகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எனக்கு அந்த வாயில்களைவிடக் கிடங்குகள்தான் அதிகம் பேசின. கொங்கு நாட்டின் வரியும் தானியமும் வந்து சேர்ந்த இடம் அல்லவா இது!

அப்படிச் சங்ககிரிக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்' என்று தண்டல்காரரை அனுப்பிவைத்தார் இளைஞர் தீர்த்தகிரி என்பது கொங்கு வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. தீரன் சின்னமலை என்ற பெயர் அப்படித்தான் நிலைத்ததாம். பின்னாளில் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். திப்பு 1799-இல் மாண்ட பிறகும் ஓயவில்லை. காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று போரிட்டார். பிடிபட்டவரைக் கம்பெனியார் கொண்டுவந்தது இதே சங்ககிரிக்கு. 1805 ஜூலை 31 அன்று, தம்பிமாரோடு தூக்கிலிட்டார்கள்.

அன்று ஆடிப் பதினெட்டு. மேற்கே ஓடும் காவிரியில் பெண்கள் முளைப்பாரி விட்டிருப்பார்கள்.

இப்போதும் ஆடிப் பதினெட்டில் சங்ககிரியில் மாலையும் கூட்டமுமாக இருக்கும். மற்ற நாட்களில் கோட்டையில் ஆளரவம் குறைவு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சுவரில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும். சுனை நீரை நம்ப வேண்டாம்.