மொட்டை மாடி கிச்சன்: வெயில், மழை, உப்புக்காற்று... மூன்றையும் சமாளிப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடி, நண்பர்கள் கூட்டம். ஒரு பக்கம் கரி அடுப்பில் சிக்கன், இன்னொரு பக்கம் கேஸ் அடுப்பில் சுடச்சுட தோசை. மாடியில் ஒரு மேடை, ஒரு சிங்க், இரண்டு அடுப்பு வேண்டும் என்பது இன்று பலரின் ஆசை. பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்த விறகடுப்புதான், இப்போது மாடி ஏறியிருக்கிறது.

ஆனால், ஒரு மழைக்காலம் முடிந்து அதே அடுப்பைத் திறந்து பாருங்கள். பர்னரில் துரு, சிங்க்கில் கொசுப்புழு, கேஸ் டியூபில் எலி கடித்த தடம்!

வீட்டுக்குள் இருக்கும் கிச்சனைத் தினமும் பார்க்கிறோம். ஏதாவது கோளாறு என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். மாடி கிச்சனோ வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. பெரும்பாலான பழுது அந்த நாள்களில்தான் நடக்கிறது. அதனால், காலண்டரைப் பார்த்துப் பராமரிப்பதுதான் ஒரே வழி. சென்னையை வைத்தே பார்ப்போம்.

துருப்பிடிக்காத எவர்சில்வரில் துரு எப்படி?

எவர்சில்வரின் மேல் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். கடற்காற்றில் வரும் உப்பு இந்தப் படலத்தை அங்கங்கே அரித்துவிடும். முதலில் டீ கறை போலப் பழுப்புப் புள்ளிகள் வரும். அப்படியே விட்டால் குழி விழும்.

புதிதாக வாங்குபவர்கள் கிரேடைக் கேளுங்கள். விலை குறைவான 202-ஐவிட 304 நல்லது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால், மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நல்லது. ‘காந்தம் ஒட்டலை பாருங்க, இது 304’ என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 202-லும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே வாங்கியாச்சா? கவலை வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்தாலே உப்பு போய்விடும். இரும்பு நார், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் மூன்றும் கூடவே கூடாது. அவை உப்பு செய்யும் வேலையை இன்னும் வேகமாகச் செய்துவிடும்.

ஏப்ரல், மே: டியூபைப் பாருங்கள்

அக்னி நட்சத்திர வெயிலில் முதலில் அடிவாங்குவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். கேஸ் டியூபை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் 5 ஆண்டுகள்; காலாவதி மாதம் அதிலேயே அச்சாகியிருக்கும். திறந்தவெளியில் இருப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சிலிண்டருக்கு நிழல் அவசியம். அதற்காக மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடிவிடுவதும் ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். மாடிப்படி வழியாகக் கீழ்த்தளத்துக்கும் இறங்கலாம். அதனால் சிலிண்டர் வைக்கும் இடத்தில், தரையை ஒட்டிக் காற்றோட்டத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் ‘பி-27’ போல எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அதாவது, 2027 ஜூன் முடிவதற்குள் அந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: கரி அடுப்பை உள்ளே தூக்காதீர்கள்

இது மாலை நேரத்து இடிமழைக் காலம். பாதி சிக்கன் வெந்திருக்கும்போது மழை கொட்டும். ‘அடுப்பை அப்படியே ரூமுக்குள்ள தூக்கிட்டு வாங்கடா’ என்று யாராவது சொல்வார்கள். உயிருக்கே ஆபத்தான யோசனை இது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கி, தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் எல்லாம் ‘சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்பதுபோலத் தோன்றும். தூங்கிவிட்டால் எழுந்திருக்காமலே போகலாம்.

மழைச்சாரலுக்காக நான்கு பக்கமும் தார்பாயை இறக்கிவிட்டுச் சமைப்பதும் இதே கதைதான். மழை வந்தால் கரியை மாடியிலேயே அணைத்துவிட்டு, மீதி சிக்கனைக் கீழே கிச்சனில் வேகவையுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் புகைவாசனை குறையும், அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: கடையைக் கட்டும் காலம்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில். அதற்கு முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் சேஃப்டி மூடியைப் போட்டு, நனையாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

வார்ப்பிரும்பு பர்னர், கிரில் கம்பி இரண்டையும் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். இரும்பு தோசைக்கல்லுக்கு வீட்டில் என்ன செய்வார்களோ அதேதான்.

அடுப்பைப் பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். கீழே காற்று போக இடம் விடுங்கள்.

மாடிக்குப் போகும் மின் இணைப்பை மெயினிலேயே அணைத்துவிடுங்கள். அங்கிருக்கும் பிளக் பாயின்ட்டுகள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு இணைந்திருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறதா என்றும் பாருங்கள்.

தகரக் கூரை, குடை, காலி டிரம் எதையும் கட்டாமல் விடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் பலம் தெரியும். உங்கள் மாடியிலிருந்து பறக்கும் தகரம் விழப்போவது அடுத்த வீட்டில்.

சிங்க், பக்கெட், உறையின் மடிப்பு என்று தண்ணீர் தேங்கும் இடங்களை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாள்களே போதும்.

ஜனவரி: பற்றவைக்கும் முன் 10 நிமிடம்

மழை ஓய்ந்து, முதல் பார்ட்டிக்கு நாள் குறித்தாச்சு. வருடத்திலேயே அதிக கவனம் தேவைப்படும் நாள் இதுதான்.

முதலில் பர்னரைக் கழற்றி, குழாயைத் தட்டிப் பாருங்கள். சிலந்தி வலையோ குளவிக் கூடோ இருந்தால் காற்று சரியாகக் கலக்காது; கேஸ் பின்வாங்கி வெளியிலேயே தீப்பிடிக்கவும் கூடும்.

அடுத்து டியூப். எலி கடித்த தடம் துளி இருந்தாலும் புது டியூப்தான்.

பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் வேலையே வேண்டாம்.

கடைசியாக அடுப்பைப் பற்றவையுங்கள். சுடர் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எல்லோரையும் விலக்கிவிட்டு, தள்ளி நின்று 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மண்ணிலோ செங்கல்லிலோ கட்டிய விறகடுப்பு என்றால், இன்னும் பொறுமை தேவை. மழையில் ஊறிய சுவரில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ மூட்டினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அடுப்பு விரிசல் விடும். இரண்டு மூன்று நாள் சின்னத் தீயாக எரித்து உலரவிடுங்கள்.

விருந்தினர்கள் 7 மணிக்கு வருகிறார்களா? இந்தச் சோதனையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். டியூப் மாற்றவேண்டி வந்தால், அதற்கு நேரம் இருக்க வேண்டுமல்லவா!